மாநிலத்தின் கேள்வியும் தில்லியின் அவையும்: 1967 தென்சென்னை மக்களவைத் தேர்தலில் அண்ணாவின் போட்டி

ஆய்வுச் சுருக்கம்

1967 பொதுத்தேர்தலில் சி.என். அண்ணாதுரை சட்டமன்றத்திற்குப் போட்டியிடவில்லை. தென்சென்னை மக்களவைத் தொகுதியில் மட்டுமே நின்றார். ஆட்சியைப் பிடிப்போம் என்று எதிர்பாராத ஒரு தலைவரின் தவறான கணிப்பாகவே இது பெரும்பாலும் விளக்கப்படுகிறது. அவருடைய மாநிலங்களவைப் பணி, அரசமைப்பின் 16ஆம் திருத்தம், 1965 மொழிப் போராட்டம், தென்சென்னைத் தொகுதியின் அரசியல் இயல்பு ஆகியவற்றோடு சேர்த்து நோக்கினால் அவ்விளக்கம் போதாது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. மாநிலத்தின் முதன்மைச் சிக்கல்கள் தில்லியில் முடிவு செய்யப்படுகின்றன என்ற முதிர்ந்த கருத்தின் வெளிப்பாடாக அப்போட்டியைக் கொள்ள இடமுண்டு. முதலமைச்சரான பின் அவர் மேற்கொண்ட சட்ட நடவடிக்கைகள் அக்கருத்திற்கு வலுச் சேர்க்கின்றன.

திறவுச்சொற்கள்: அண்ணாதுரை, தென்சென்னை, 1967 தேர்தல், 16ஆம் திருத்தம், மாநில சுயாட்சி, மக்களவை.

முன்னுரை

1967 பிப்ரவரித் தேர்தலில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த காமராசர் விருதுநகரில் சட்டமன்றத்திற்கு நின்றார். மாநிலக் கட்சியான திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுச்செயலாளரோ மக்களவைக்கு நின்றார். தேசியக் கட்சியின் தலைவர் மாநில அவையையும், மாநிலக் கட்சியின் தலைவர் தேசிய அவையையும் நாடிய தேர்தல் அது. காமராசர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் தோற்றார். அண்ணா வென்றார், ஆயினும் வென்ற இடத்தில் அவர் நிலைக்கவில்லை. மார்ச் 6 அன்று சென்னை மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்று, பின்னர் மக்களவை உறுப்பினர் பதவியை விட்டு விலகி, சட்டமேலவை வழியாக மாநிலச் சட்டமன்றத்திற்குள் வந்தார்.

அண்ணாவின் வரலாற்றை எழுதியோர் பலர் இந்நிகழ்வை ஒரு வரியில் கடந்து செல்கின்றனர். ஆட்சி கிட்டும் என்று அவரே எண்ணவில்லை. ஆதலால் பாராளுமன்றத்திற்கு நின்றார் என்பது அவ்வரியின் சாரம். வெற்றிச் செய்தியும் காமராசரின் தோல்வியும் அவரை ஒருசேரத் திகைக்கச் செய்தன என்று பரவலாகக் கூறப்படுவது இவ்விளக்கத்திற்குத் துணை நிற்கிறது. இதில் உண்மை இல்லாமலில்லை. 1962இல் 50 இடங்களை மட்டுமே பெற்றிருந்த கட்சி, 234 உறுப்பினர் கொண்ட அவையில் தனித்தே பெரும்பான்மை பெறும் என்று முன்கூட்டியே உறுதி கொண்டிருந்தோர் அரியர். எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒருவர் எத்தனை தொகுதிகளில் வேண்டுமானாலும் போட்டியிட அன்றைய சட்டம் இடம் தந்தது. இரண்டு தொகுதிகளுக்கு மேல் நிற்கலாகாது என்ற வரம்பு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996இல்தான் சேர்க்கப்பட்டது. சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் ஒரே காலத்தில் வாக்குப்பதிவு நடந்த அத்தேர்தலில், ஐயம் இருந்தால் இரண்டிலும் நின்றிருக்கலாம். அண்ணா ஒன்றில் மட்டுமே நின்றார். அவர் தேர்ந்த அவைக்குக் காரணம் தேட வேண்டியது அதனாலேயே.

தென்சென்னையின் அரசியல் மரபு

தொகுதியின் இயல்பை அறியாமல் போட்டியின் பொருளை உணர இயலாது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகள் வெறும் குடியிருப்புகள் அல்ல. மாகாண அரசியலின் இரு எதிர்முனைகளும் அங்கே பெயர்ப்பலகைகளாகவே நின்றன. 1884 டிசம்பரில் அடையாற்றுப் பிரம்மஞான சபை மாநாட்டிற்கு வந்தவர்களுள் சிலர் மயிலாப்பூரில் திவான் பகதூர் இரகுநாத ராவ் இல்லத்தில் கூடியது, மறு ஆண்டு தோன்றிய காங்கிரசின் முன்வித்தாக மரபாகக் குறிப்பிடப்படுகிறது. வழக்கறிஞர்கள் மிகுந்த மயிலாப்பூர்க் குழு, அன்னி பெசண்டின் தன்னாட்சி இயக்கம் எனத் தொடர்ந்த அம்மரபிற்கு மாற்றாக எழுந்த நீதிக்கட்சி, 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட புதிய நகரில் தன் தலைவர்களின் பெயர்களைப் பதித்தது. பிட்டி தியாகராயரின் பெயரில் நகர், பனகல் அரசரின் பெயரில் பூங்கா, உஸ்மான், பசுலுல்லா ஆகியோர் பெயரில் சாலைகள் அமைந்தன. அந்தப் பசுலுல்லா சாலையில்தான் பிற்காலத்தில் இராஜாஜி குடியிருந்தார் என்பது வரலாற்றின் சிறு குறும்பு. அதே நகரின் திருமலைப் பிள்ளை சாலையில் காமராசர் வாழ்ந்தார்.

மாகாண அவையில் பயின்று நடுவண் அவைக்குச் செல்லும் வழி இப்பகுதியில் புதியதன்று. 1923 முதல் சென்னைச் சட்டமேலவையில் பல்கலைக்கழகத் தொகுதியின் உறுப்பினராக விளங்கிய சு. சத்தியமூர்த்தி, 1934இல் நீதிக்கட்சியின் ஆ. இராமசாமி முதலியாரைத் தோற்கடித்து நடுவண் சட்டசபைக்குச் சென்றார். 1937இல் மாகாணச் சட்டமன்றத்தில் நுழைந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1942இல் நடுவண் அவைக்குப் பெயர்ந்தார். 1957இல் தென்சென்னையின் மக்களவை உறுப்பினராகவும் நிதியமைச்சராகவும் இருந்தார். இவ்விருவரின் பயணத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. மாகாணம் அவர்களுக்குப் பயிற்சிக்களம், தில்லி அரங்கம். தில்லியின் அதிகாரம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை.

அக்கேள்வியைத் தொகுதிக்குள் கொண்டுவந்தது 1962 தேர்தல். அதில் தி.மு.க.வின் நாஞ்சில் கி. மனோகரன் தென்சென்னையில் வென்றார். 1959இல் சென்னை மாநகராட்சியில் அ.பொ. அரசு மேயரானதிலிருந்தே நகரில் கட்சிக்கு வேர் பிடித்திருந்தது. 1967இல் மனோகரன் வடசென்னைக்கு மாற்றப்பட்டார், அங்கும் வென்றார். வென்ற தொகுதியை நடப்பு உறுப்பினர் விட்டுக்கொடுத்து, அவ்விடத்தில் கட்சித் தலைவர் நிறுத்தப்பட்டார் என்பது, போட்டி திட்டமிட்டே அமைந்தது என்பதற்குச் சான்று.

காஞ்சியிலிருந்து மாநிலங்களவைக்கு

1957இல் தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் இறங்கியபோது 15 சட்டமன்ற இடங்களும் 2 மக்களவை இடங்களும் கிடைத்தன. காஞ்சிபுரத்திலிருந்து அண்ணா சட்டமன்றம் புகுந்து ஐந்தாண்டுகள் கட்சியின் சட்டமன்றக் குழுவை நடத்தினார். 1962இல் கட்சியின் பலம் 50ஆக உயர்ந்தது. அண்ணாவோ காஞ்சியில் பேருந்து உரிமையாளர் நடேச முதலியாரிடம் தோற்றார். அத்தோல்வி அவரைத் தில்லிக்கு அனுப்பியது என்பது மிகையன்று. கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளால் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967இல் மக்களவையை அவர் தேர்ந்ததற்குக் காஞ்சித் தோல்வியின் கசப்பையும் ஒரு காரணமாகக் கூறலாம். ஆனால் சென்னை நகரில் அவருக்குப் பாதுகாப்பான சட்டமன்றத் தொகுதிக்குப் பஞ்சமில்லை. மு. கருணாநிதி சைதாப்பேட்டையில் நின்று வென்றார்.

மாநிலங்களவையில் 1962 மே 1 அன்று அண்ணா ஆற்றிய கன்னிப்பேச்சு, தாம் திராவிட இனத்தைச் சார்ந்தவர் என்ற அறிவிப்பாலும் தன்னுரிமைக் கோரிக்கையாலும் புகழ் பெற்றது. அதைவிட இக்கட்டுரையின் நோக்கிற்கு இன்றியமையாதது, 1963 ஜனவரியில் 16ஆம் அரசமைப்புத் திருத்த முன்வரைவின் மீது அவர் நிகழ்த்திய உரை. தேசிய ஒருமைப்பாட்டு மன்றம் அமைத்த குழு ஒன்றின் பரிந்துரையே அத்திருத்தத்திற்கு அடிப்படை. குழுவின் தலைவர் சர் சி.பி. இராமசாமி ஐயர். எல்டாம்ஸ் சாலையில் ‘தி குரோவ்’ என்ற அவருடைய மாளிகை, அண்ணா பின்னாளில் வாக்குக் கேட்ட வட்டாரத்திலேயே இருந்தது.

திருத்தத்தின் உள்ளடக்கம் இரண்டு. பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றின் மீது இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கும் பொருட்டுக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்பது ஒன்று. மற்றொன்று தேர்தலைப் பற்றியது. அதுவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மட்டுமே உறுதிமொழி எடுத்தார். இனி 84, 173 ஆம் பிரிவுகளின்படி, பாராளுமன்றத்திற்கோ சட்டமன்றத்திற்கோ நிற்கும் வேட்பாளரே அவ்விறையாண்மையை நிலைநிறுத்துவதாக உறுதி கூறவேண்டும். கூறாதவர் போட்டியிடும் தகுதியற்றவர். பிரிவினைக் கோரிக்கையைத் தேர்தல் மேடையிலிருந்தே விலக்கும் ஏற்பாடு அது, தி.மு.க.வை நோக்கியே வந்தது என்பதை எவரும் மறைக்கவில்லை.

அண்ணா அதை எதிர்த்த முறை நுட்பமானது. பிரிவினையின் நியாயத்தை வாதிடுவதைவிட, இறையாண்மை என்ற சொல்லின் பொருளை அவர் அலசினார். முகவுரையின்படி அரசியல் இறையாண்மை மக்களிடம் உள்ளது. சட்ட இறையாண்மையோ ஒன்றியத்திற்கும் அதன் உறுப்புகளான மாநிலங்களுக்கும் இடையே பகிரப்பட்டுள்ளது என்பது அவர் வாதத்தின் அச்சு. 1963 அக்டோபரில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் தி.மு.க. தன் சட்டதிட்டத்திலிருந்து பிரிவினைக் குறிக்கோளை நீக்கியது. சீனப் படையெடுப்பின்போதே அண்ணா அக்கோரிக்கையை ஒதுக்கி வைத்திருந்தார். இம்மாற்றத்தைச் சரணாகதி எனச் சாடியோரும், அரசியல் முதிர்ச்சி எனப் போற்றியோரும் உண்டு. இரு சாராரும் அவ்வுரையின் இரண்டாம் பகுதியைப் போதிய அளவு கவனிக்கவில்லை. இறையாண்மை பகிரப்பட்டது என்று ஏற்றுக்கொண்டால், பகிர்வு சரியாக நடக்கிறதா என்று கேட்பதற்குரிய இடம் பாராளுமன்றமே. பிரிவினையைக் கைவிட்ட கட்சி தன் கேள்வியைக் கைவிடவில்லை. அதைக் கேட்கும் இடத்தை மாற்றிக்கொண்டது.

1967 தேர்தல் இத்திருத்தத்திற்குப் பின் நடந்த முதல் பொதுத்தேர்தல். அதனை எதிர்த்துப் பேசியவரே அதன்படி வேட்பாளர் உறுதிமொழியை எடுத்துத் தென்சென்னையில் நின்றார்.

மொழியும் அரிசியும்

1967 தேர்தலை முடிவு செய்தவை இரண்டு எனக் கூறுவது மரபு: இந்தித் திணிப்பு, அரிசித் தட்டுப்பாடு. இரண்டையும் மாநில அரசின் தோல்விகளாகவே வாக்காளர் கண்டனர். முதலமைச்சர் பக்தவத்சலத்தின் மீதே சினம் பாய்ந்தது. அரசமைப்பின் நோக்கில் பார்த்தால் இரண்டின் திறவுகோலும் தில்லியில் இருந்தது.

ஆட்சிமொழிச் சட்டம் 1963இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியபோது, 1965க்குப் பின் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்ற சொல்லாட்சி அதில் இடம்பெற்றது. ‘லாம்’ என்ற விகுதி உறுதி தருவதன்று என்று அண்ணா வாதிட்டார். 1964 ஜனவரியில் திருச்சியில் கீழப்பழுவூர்ச் சின்னசாமி தீக்குளித்தார். 1965 ஜனவரி 26 அன்று கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும், மறுநாள் விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும் தீக்கு இரையாயினர். பின்னிருவரும் தியாகராய நகரை அடுத்த பகுதிகளைச் சேர்ந்தவர்கள்; அச்சாவுகள் தென்சென்னைக்குத் தொலைவான செய்திகள் அல்ல. கல்லூரி மாணவர் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் தொடர, பிப்ரவரியில் நடுவண் அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்துப் பின்னர்த் திரும்பப் பெற்றனர். மாநிலத்தில் எத்துணைக் கொந்தளிப்பு எழுந்தாலும், விகுதியை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கு மட்டுமே இருந்தது.

அரிசியும் அவ்வாறே. 1954இன் மூன்றாம் திருத்தத்திற்குப் பின் உணவுப் பொருள்களின் வாணிகமும் வழங்கலும் பொதுப்பட்டியலில் அமைந்தன. மாநிலங்களுக்கிடையே தானியம் செல்லும் மண்டலங்களை நடுவணரசு வரையறுத்தது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தோன்றியபோது அதன் தலைமையகம் சென்னையிலேயே இருந்தது. கொள்கையோ தில்லி உணவமைச்சகத்திலிருந்து வந்தது. அவ்வமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தவரும் தமிழரான சி. சுப்பிரமணியமே, அவரும் 1967இல் தோற்றார். ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. அளித்த வாக்குறுதி, ஆட்சிக்கு வந்த பின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அளவில் நடைமுறையாயிற்று. மாநிலக் கருவூலத்தால் அதற்கு மேல் தாங்க இயலவில்லை.

கூட்டணியும் வாக்காளரும்

தி.மு.க., சுதந்திராக் கட்சி, மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சி, முஸ்லிம் லீக், சோசலிசக் கட்சிகள், ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம், ஆதித்தனாரின் நாம் தமிழர் ஆகியவை அமைத்த கூட்டணி கொள்கை ஒற்றுமையால் எழுந்ததன்று. தென்சென்னையில் அதன் பொருள் தனித்தன்மையானது. மயிலாப்பூரின் உயர்சாதி நடுத்தர வகுப்பு, நாத்திகமும் பார்ப்பனிய எதிர்ப்பும் பேசிய மரபில் வந்த தலைவருக்கு வாக்களிக்குமா? 1937இல் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியவர் இராஜாஜி. அதை எதிர்த்துச் சிறை சென்றவர் அண்ணா. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தது தி.மு.க. அவ்விருவரும் 1967இல் ஒரே மேடையில் நின்றனர். ஒரு கையால் பூணூலைப் பற்றிக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்கு முத்திரையிடுமாறு இராஜாஜி அந்தணர்களை வேண்டியதாக வழங்கும் செய்தி, இத்தொகுதியின் தெருக்களில்தான் முழுப் பொருள் பெறுகிறது. பெரியாரோ காங்கிரசை ஆதரித்தார். சீர்திருத்த இயக்கத்தின் ஆசான் ஒரு புறமும், அதன் நெடுநாளைய எதிரி மறுபுறமும் இடம் மாறி நின்ற தேர்தல் வேறில்லை எனலாம்.

இவ்விணக்கத்திற்கு மொழிச் சிக்கல் ஒரு பாலம். நடுவணரசுப் பணிகளை நம்பியிருந்த மயிலாப்பூர்க் குடும்பங்களுக்கு ஆங்கிலம் நீங்குவது வாழ்வுச் சிக்கல். சட்டமன்ற வேட்பாளரால் அதற்கு மறுமொழி கூற இயலாது. மக்களவை வேட்பாளரால் இயலும். அண்ணாவின் ஆங்கிலப் புலமையும் மாநிலங்களவைப் பேச்சுகளும் அவர்களிடையே அவருக்குப் பெற்றுத்தந்த மதிப்பு சிறிதன்று. வாக்குச்சாவடியில் ஒவ்வொருவருக்கும் இரு வாக்குச்சீட்டுகள் தரப்பட்டன. ஒன்றில் அண்ணாவின் பெயர் இருந்தது, மற்றொன்றில் நின்ற கூட்டணி வேட்பாளருக்கும் துணையாயிற்று.

தேர்தலின் முடிவு யாவரும் அறிந்தது. தி.மு.க. போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது. சட்டமன்றத்தில் 130க்கும் மேற்பட்ட இடங்களைப் பெற்றது. பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் தோற்றார். ஆயினும் மாநிலம் முழுவதும் காங்கிரசு பெற்ற வாக்கு விழுக்காடு தி.மு.க.வினதற்குக் குறைந்ததன்று, இரண்டும் 40ஐ ஒட்டியே நின்றன. வாக்குகள் சிதறாமல் ஒன்றாக்கிய தொகுதி உடன்பாடே இடங்களாக விளைந்தது. 520 உறுப்பினர் கொண்ட மக்களவையில் காங்கிரசின் பெரும்பான்மை 283ஆகச் சுருங்கிய நிலையில், 25 பேர் கொண்ட ஒரு மாநிலக் கட்சிக் குழுவுக்கு முன்னில்லாத எடை வாய்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் இடைத்தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் வின்னி யூவிங் வென்று வெஸ்ட்மின்ஸ்டர் புகுந்தார். ஒரே உறுப்பினரின் அவ்வெற்றி பிரித்தானிய அரசியலில் எழுப்பிய அதிர்வை நோக்க, 25 பேரின் வருகை எத்தகையது என்பது விளங்கும்.

துறந்த இடம்

அக்குழுவை வழிநடத்த வேண்டியவர் மாநில முதலமைச்சரானார். ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவை கடவுளின் பெயரால் ஆணையிடாமல் உளமார உறுதி கூறிப் பொறுப்பேற்றது. அந்த உறுதிமொழியிலும் 16ஆம் திருத்தம் சேர்த்த தொடர் இருந்தது என்பது அதிகம் பேசப்படாதது. சட்டமன்ற உறுப்பினர் அல்லாத ஒருவர் ஆறு திங்கள் வரை அமைச்சராக இருக்கலாம் என்று 164ஆம் பிரிவு இடம் தந்தது. மாநில அவையின் உறுப்பினரானதும் குறித்த காலத்திற்குள் அதைத் துறக்காவிடில் பாராளுமன்ற இடம் காலியாகிவிடும் என்று 101ஆம் பிரிவு வகுத்தது. அண்ணா மக்களவையை விட்டு, மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952இல் இராஜாஜி ஆளுநரின் நியமனத்தால் மேலவை புகுந்து முதல்வரானது கடும் கண்டனத்திற்கு உள்ளானது. அண்ணாவின் வழி தேர்தல் வழி. இருந்தும் மக்கள் நேரடியாகத் தேர்ந்த அவையை விட்டு மறைமுகத் தேர்தலின் அவைக்கு வந்தமை ஒரு முரணே. காங்கிரசிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1957இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர். வெங்கட்ராமன், அவ்விடத்தைத் துறந்து காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார்.

முதலமைச்சராக அண்ணா நிறைவேற்றியனவாகப் போற்றப்படும் செயல்களை, அவை எந்த அவையின் இசைவை வேண்டி நின்றன என்ற கோணத்தில் மீளப் பார்க்கலாம். சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாவென 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அவற்றுக்குச் சட்ட ஏற்பு வழங்கும் முன்வரைவை 1967இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. திருமணம் பொதுப்பட்டியலைச் சார்ந்தது. நடுவணின் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்ப்பது. எனவே 254(2)ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டியிருந்தது. 1968 ஜனவரியில் அது கிட்டியது. முன்னர் நடந்த மணங்களுக்கும் அச்சட்டம் ஏற்பளித்தது என்பதால், மாலை மாற்றி மணந்த இணையர் பலரின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை உறுதியாயிற்று. சமூகச் சீர்திருத்தத்தின் மிக உள்ளார்ந்த செயலுக்கும் தில்லியின் கையொப்பம் தேவைப்பட்டது.

பெயர் மாற்றம் இன்னும் தெளிவான சான்று. சங்கரலிங்கனார் 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த கோரிக்கை அது. மேற்கு வங்கப் பொதுவுடைமையர் பூபேஷ் குப்தா அதற்கென மாநிலங்களவையில் கொண்டுவந்த முன்வரைவை ஆதரித்து அண்ணா உறுப்பினராகப் பேசியிருந்தார், அது தோற்றது. 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் மாநிலத்தின் பெயரை மாற்றும் அதிகாரம் மூன்றாம் பிரிவின்படி பாராளுமன்றத்திற்கே உரியது. பாராளுமன்றம் 1968இல் சட்டமியற்றிய பின்னரே 1969 ஜனவரி 14 முதல் ‘தமிழ்நாடு’ சட்டப்பெயராயிற்று. ஒரு மாநிலம் தன்னைத் தான் அழைக்கும் பெயருக்கும் பிறிதோர் அவையை நாடவேண்டியிருந்த இந்நிலையை, மாநில சுயாட்சி பற்றிய எந்தக் கோட்பாட்டு நூலையும்விட எளிதில் விளக்கும் சான்றாகக் கொள்ளலாம்.

ஆட்சிமொழியில் நிலைமை கலவையானது. 1967 டிசம்பரில் பாராளுமன்றம் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றி, ஆங்கிலத்தின் தொடர்ச்சிக்குச் சட்ட வலிமை தந்தது. உடன் வந்த தீர்மானமோ இந்தியை வளர்க்கும் பொறுப்பையும் மும்மொழித் திட்டத்தையும் வலியுறுத்தியது. 1968 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கி மறுமொழி கூறியது. 1963இல் ஒரு விகுதிக்காக வாதாடியவர், அவ்விகுதி திருத்தப்பட்டபோது அவ்விரு அவைகள் எதிலும் இல்லை.

தென்சென்னையில் அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். 1971இலும் அத்தொகுதியைத் தக்கவைத்தார். கட்சியின் தில்லிக் குரலாக அவர் உருவானது அண்ணா விட்டுச்சென்ற இடத்திலிருந்துதான். 1969இல் காங்கிரசு பிளவுற்றபோது இந்திரா காந்தியின் சிறுபான்மை அரசைத் தாங்கிய வாக்குகளுள் தி.மு.க. குழுவின் வாக்குகளும் அடங்கும். அதே ஆண்டு நடுவண்-மாநில உறவுகளை ஆராய பி.வி. இராஜமன்னார் தலைமையில் குழு அமைந்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. ‘மாநில சுயாட்சி’ என்ற மாறனின் நூலும் அக்காலத்தது. 1963இல் இறையாண்மைப் பகிர்வு பற்றி அண்ணா எழுப்பிய வாதம் இவ்வாறு ஒரு குழுவாகவும் தீர்மானமாகவும் நூலாகவும் வடிவம் கொண்டது. அவற்றுள் எதையும் காண அவர் இருக்கவில்லை. நியூயார்க்கில் அறுவை மருத்துவம் முடித்துத் திரும்பியவர், 1969 பிப்ரவரி 3 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார். மாகாணச் சட்டமேலவையின் முதல் பெண் உறுப்பினரான முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய மருத்துவமனை அது.

1977இல் தென்சென்னை மீண்டும் கைமாறியது. இருபதாண்டுகளுக்கு முன் மக்களவையைத் துறந்து மாநில அமைச்சராகி, பத்தாண்டுகள் தொழில்துறையை நடத்திய ஆர். வெங்கட்ராமன் காங்கிரசு வேட்பாளராக வென்றார். 1980இல் அவர் மறுபடியும் இத்தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டபோது, டி.டி. கிருஷ்ணமாச்சாரிக்குப் பின் தென்சென்னைக்கு இன்னொரு நடுவண் நிதியமைச்சர் கிடைத்தார்.